மலச்சிக்கல் தீர: ஒரு பழைய கண்டக்டர் சொல்லும் சாப்பாட்டு வழி

1994 முதல் 28 வருடம் திருநெல்வேலி–கோயம்புத்தூர் ரூட்டில் கண்டக்டராக ஓடினவன் நான். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், மதுரை, திண்டுக்கல், தாராபுரம் என்று வழியில் எந்தக் கடையில் எந்த நேரத்தில் டீ நன்றாக இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எந்தக் கக்கூஸில் தண்ணீர் வராது, எதில் தாழ்ப்பாள் கிடையாது என்பதும் மனப்பாடம். இந்த இரண்டாவது ஞானம்தான் என் வயிற்றைக் கெடுத்தது. உள்ளே கால் வைக்க முடியாது என்று தெரிந்த இடத்துக்கு எவன் போவான்? அடக்கிக்கொள்வேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பேன். டூட்டி முடிந்து, கலெக்‌ஷன் கட்டி, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் வராது.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். குடித்தால் நடுவழியில் இறங்க வேண்டி வருமே என்று குடிக்காமலே ஓட்டினேன். மே மாதத்தில் சாத்தூர் தாண்டும்போது பஸ்ஸுக்குள் அடிக்கிற அனலில் சட்டை முதுகில் உப்புப் பூத்துவிடும். அப்போதும் ஒரு டீதான்.

2009-இல் ஒருநாள் காலை ரத்தம் கண்டேன். பிளேடால் கீறினது போல வலி. மூலம்தான் என்று நானே முடிவு கட்டி, நாட்டு மருந்துக் கடையில் ஏதோ களிம்பு வாங்கிப் போட்டு ஒரு மாதம் ஓட்டினேன். கடைசியில் வீட்டில் சண்டை போட்டுத்தான் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்கள். அவர் பார்த்துவிட்டு, "மூலம் இல்லை அண்ணாச்சி, வெடிப்பு. கல்லு மாதிரி இறங்கினதால தோல் கிழிஞ்சிருக்கு" என்றார். ஒரு களிம்பும், தினம் இரண்டு வேளை இடுப்பளவு வெந்நீரில் உட்காரச் சொல்லி ஒரு யோசனையும் கொடுத்தார். அப்புறம் ஒரு பேப்பரை நீட்டி, "நேத்து காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு தண்ணி குடிச்சீங்க, அப்படியே எழுதுங்க" என்றார். ட்ரிப் ஷீட் எழுதுகிற கைக்கு அது பெரிய வேலை இல்லை.

காலை நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. பதினொன்றுக்கு ஒரு வடை. மதியம் வெள்ளைச் சோறு, சாம்பார், தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். ராத்திரி விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா மூன்று, சால்னா. டீ ஆறு. தண்ணீர் சாப்பாட்டோடு குடித்ததுதான். டாக்டரம்மா அதில் இருந்த நார்ச்சத்தைக் கூட்டிப் பார்த்தார். தாராளமாகப் போட்டும் 15 கிராம் தாண்டவில்லை. ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று சொல்கிறது. பாதி சீட்டு காலியாக வண்டி ஓட்டியிருக்கிறேன்.

எப்படி நிரப்பினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு நாலு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. வெடிப்பு ஆற இரண்டரை மாதம் ஆனது.

முதலில், இது மலச்சிக்கல்தானா?

தினமும் போகாவிட்டால் உடம்பில் விஷம் ஏறிவிடும் என்று பயப்படுகிற ஆட்கள் எங்கள் தெருவில் நிறைய உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை போகிறவரும் சரிதான், வாரத்துக்கு மூன்று தடவை போகிறவரும் சரிதான். சிரமமில்லாமல் போகிறதா, போனபின் வயிறு லேசாகிறதா என்பதுதான் கேள்வி. வாரத்துக்கு மூன்றுக்கும் குறைவு, முக்கினால்தான் வரும், வந்தும் பாதி நிற்கிற மாதிரி இருக்கிறது என்றால் அது மலச்சிக்கல்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் மலத்தின் உருவத்தை ஏழு வகையாகப் பிரித்து 1997-இல் ஒரு அட்டவணை வெளியிட்டார்கள். டாக்டரம்மா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் படம் இருந்தது. முதல் வகை நம் ஊர் ஆட்டுப் புழுக்கை. இரண்டாவது, புழுக்கைகளைச் சேர்த்து உருட்டின மாதிரி கட்டி. நான்காவது வாழைப்பழம் போல வழவழப்பாக இருக்கும். மூன்றும் நான்கும் வந்தால் நிம்மதி. கூச்சப்படாமல் தினம் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மாத்திரையின் பலனைவிட இது சீக்கிரம் விஷயம் சொல்லும்.

காலை நேரம்

நார், தண்ணீர் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் மாற்றினது நேரத்தை.

நம் பெருங்குடல் ராத்திரியெல்லாம் கிட்டத்தட்டத் தூங்கும். எழுந்ததும் அதுவும் எழும். இரைப்பையில் எதாவது விழுந்ததும் கீழே இருப்பதை நகர்த்தத் தொடங்கும். அதனால்தான் நிறைய பேருக்குக் காபி குடித்த கையோடு அழைப்பு வருகிறது. அந்த நேரத்தைத் தவறவிட்டால் அந்த உணர்வு மெல்ல அடங்கிவிடும். உள்ளேயே கிடக்கிற மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாள் அதே சரக்கு இன்னும் கெட்டியாக வரும். இப்படியே பல மாதம் அடக்கினால் அழைப்பே மங்கிப்போகும். எனக்கு அதுதான் நடந்திருக்கிறது.

இப்போது என் வழக்கம் இது. ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு தம்ளர் தண்ணீர். வெதுவெதுப்பாகக் குடிப்பது எனக்குப் பிடிக்கும், ஆனால் சூடாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. வாசலில் கொஞ்சம் நடை. ஒரு காபி. காபி குடித்துப் பத்து நிமிடத்துக்குள், அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், போய் உட்கார்ந்துவிடுவேன். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. வரவில்லையா, எழுந்து வந்துவிடுவேன். முக்குவது கிடையாது. காலைப் பலகாரம் சாப்பிட்டபின் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. முதல் இரண்டு வாரம் பல நாள் வெறும் உட்காரல்தான். மூன்றாவது வாரம் வண்டி நேரத்துக்கு வர ஆரம்பித்தது.

டூட்டிக்கு அதிகாலையே கிளம்ப வேண்டியவர்கள் அரை மணி முன்னால் எழுந்திருங்கள். தூக்கம் போகிறதே என்று நானும் புலம்பியிருக்கிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

செல்போனை உள்ளே கொண்டுபோகாதீர்கள். உட்கார்ந்தே இருக்க இருக்க அந்த இடத்து ரத்தக் குழாய்கள் வீங்கும். மூலத்துக்கு நாமே பத்திரிகை வைத்து அழைக்கிற மாதிரி. அப்புறம் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, டீயோடு ஒரு சிகரெட் பற்றவைத்தால்தான் வரும் என்பார்கள். நிகோடின் குடலைக் கொஞ்சம் உசுப்பும் என்பது உண்மைதான். அதற்காக நுரையீரலை அடகு வைக்க முடியுமா? டீயும் காபியும் கூட நிறைய பேருக்கு அந்த வேலையைச் செய்கின்றன.

தண்ணீர்

தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் மலச்சிக்கல் போய்விடும் என்பது பாதிதான் உண்மை. ஏற்கெனவே போதுமான அளவு குடிக்கிறவர் இன்னும் இரண்டு லிட்டர் கூட்டினால் சிறுநீர்தான் கூடும். குடிக்காமல் காய்ந்து கிடந்த என்னைப் போன்ற ஆளுக்குத்தான் அது மருந்து. நாரைக் கூட்டுகிறவர்களுக்கும் தண்ணீர் கட்டாயம். நார் என்பது பஞ்சு மாதிரி, தண்ணீரைப் பிடித்துக்கொண்டால்தான் மலம் இளகும். நாரை மட்டும் கூட்டி, தண்ணீரைக் கூட்டாவிட்டால் உள்ளே அடைத்துக்கொள்ளும்.

பஸ்ஸில் என் கணக்கு லிட்டரில் இல்லை, ஊரில். கோவில்பட்டி தாண்டும்போது கால் லிட்டர், விருதுநகரில் கால், மதுரையில் இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு மறுபடி பாட்டில் நிரப்புவது. நீங்கள் கடையில் நிற்கிறவரோ ஆபீஸில் இருக்கிறவரோ, உங்களுக்கும் இப்படி நாலு ஊர் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி, அடர்ந்த மஞ்சள் என்றால் போதவில்லை. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் தண்ணீர் அளவு சொல்லியிருப்பார். அவர்கள் அந்த அளவை மீறக்கூடாது.

மோர், நீராகாரம், ரசம், இளநீர் எல்லாம் தண்ணீர்க் கணக்கில் சேரும். பழைய சோற்றுத் தண்ணீரில் சின்ன வெங்காயம் கடித்துக் குடிப்பது எங்கள் அம்மாவுக்கு 84 வயதிலும் காலை வழக்கம். அவருக்கு மலச்சிக்கல் என்றால் என்னவென்றே தெரியாது. நான் டாக்டரிடம் போய்வந்த கதையைச் சொன்னபோது, "ஏல, சோத்துத் தண்ணிய நாய்க்கு ஊத்திட்டு பரோட்டாவத் தின்னா வயிறு எப்படில இளகும்?" என்றார். டாக்டரம்மா நூறு ரூபாய்க்குச் சொன்னதை அம்மா சும்மாவே சொல்லிவிட்டார்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

எங்கள் ஊர் அல்வாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். கோதுமையை ஊறவைத்து அரைத்து, பாலைப் பிழிந்து எடுத்துக்கொண்டு சக்கையைத் தள்ளிவிடுவார்கள். அது மாட்டுக்குப் போகும். எனக்கு வேண்டியிருந்தது மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மைதாவும் அதே கதைதான். முழுக் கோதுமை மாவில் 100 கிராமுக்கு 11 கிராம் அளவில் நார் இருக்கிறது. தவிட்டை நீக்கி மைதாவாக்கினால் 3 கிராம்கூடத் தேறாது. தீட்டின வெள்ளை அரிசியும் அந்த அளவில்தான் நிற்கிறது. கேழ்வரகும் கம்பும் 11 கிராம் பக்கம்.

அதற்காக நான் பரோட்டாவை விட்டுவிடவில்லை. விருதுநகரில் இறங்கிவிட்டு அந்த வாசனையைத் தாண்டிப் போக எனக்கு மனசு வராது. மூன்றை ஒன்றாக்கி, மாதத்தில் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டேன். மற்ற நாள் டிபன் பாக்ஸ்.

முதல் மாற்றம் மாலை நேரத்தில். வடை, பஜ்ஜி இருந்த இடத்துக்குச் சுண்டல் வந்தது. ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் கொண்டைக்கடலையை ராத்திரி ஊறப்போட்டு வேகவைத்தால் அதிலேயே 12 கிராம் நார். கறுப்புக் கடலைதான் வாங்குவோம். மொச்சை, தட்டைப்பயறு, பாசிப்பயறு என்று மாற்றி மாற்றி வரும். வீட்டில் அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் பழத்தைவிட இது அவளுக்கும் தோதாகிவிட்டது.

இரண்டாவது, கொய்யா. ராத்திரி ஒரு வாழைப்பழம் தின்றால் காலையில் வயிறு சுத்தமாகிவிடும் என்று ஊரே சொல்கிறது. வாழைப்பழம் நல்லதுதான், ஆனால் ஒரு பழத்தில் இரண்டு மூன்று கிராம் நார்தான் உண்டு. நன்றாகக் கனிந்ததாக இருக்க வேண்டும். காய்வெட்டாக இருக்கிற பழம் சிலருக்கு இறுக்கிவிடும். 100 கிராம் கொய்யாவிலோ 5 முதல் 8 கிராம் வரை இருக்கிறது, விலையும் குறைவு. தோலோடு, நன்றாக மென்று தின்ன வேண்டும். ஒட்டன்சத்திரம் பக்கம் ரோட்டோரத்தில் கூடையில் வைத்து விற்பார்கள். வண்டி நிற்கிற இரண்டு நிமிடத்தில் ஜன்னல் வழியாக வாங்கிவிடுவேன். உப்பு மிளகாய்ப்பொடி போடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், வெடிப்பு இருக்கிற வரைக்கும் காரம் எரியும் என்பதால். ஆறின பிறகு போட்டுத்தான் தின்கிறேன்.

மூன்றாவது, சோற்றையே மாற்றினோம். இதில்தான் எங்கள் சீமை சமையல் கைகொடுத்தது. எங்கள் பக்கம் தொலி உளுந்து என்போம், கறுப்புத் தோலோடு உடைத்த உளுந்து. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து, பத்துப் பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு. எல்லாம் ஒன்றாகக் குக்கரில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், கூட அவியல். உளுந்தின் தோலில்தான் நார் இருக்கிறது. தோல் நீக்கின வெள்ளை உளுந்தில் செய்தால் பாதி பலன் போய்விடும்.

அடுத்தது கூட்டாஞ்சோறு. ஒரு ஆழாக்கு அரிசி, அரை ஆழாக்கு துவரம்பருப்பு. முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், சீனியவரைக்காய், மாங்காய்த் துண்டு என்று வீட்டில் இருக்கிற காயெல்லாம் சேர்த்து அரிசி அளவுக்குக் காய் இருக்க வேண்டும். அரிசியும் பருப்பும் முக்கால் வேக்காடு வந்ததும் காய்களைப் போட்டு, புளிக்கரைசல் ஊற்றி, தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம் அரைத்த விழுதைச் சேர்க்க வேண்டும். இறக்கும்போது இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை. கடைசியில் கூழ்வடகம் பொரித்துத் தாளிப்பு. முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 8 கிராம் நார் இருக்கிறது. என் டிபன் பாக்ஸில் வாரம் இரண்டு நாள் இதுதான். மத்தியானம் தாராபுரத்தில் திறந்தால் டிரைவர் அண்ணன் பாதியைப் பிடுங்கிக்கொள்வார்.

தை மாதம் வந்தால் பனங்கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கிற பீலியை எடுத்துவிட்டு மெல்ல வேண்டும். நார் பல்லில் சிக்கும், அது அப்படித்தான். இரண்டு கிழங்கும் ஒரு செம்பு தண்ணீரும் என்றால் மறுநாள் காலை பிரச்சினையே இல்லை. பல் இல்லாதவர்கள் துண்டாக்கிச் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காயோடு இடித்துச் சாப்பிடலாம்.

எங்கள் அம்மாவுக்கு இப்போது பல் செட்டுதான். மெல்ல முடியாத வயதானவர்கள் காய்கறியை ஒதுக்கிவிட்டுப் பாலும் ரொட்டியும் சாப்பிட்டே சிக்கலில் மாட்டுகிறார்கள். அவர்களுக்குக் கீரை மசியல், பரங்கிக்காய்க் கூட்டு, அவித்த சீனிக்கிழங்கு, பப்பாளி என்று மிருதுவான நார் கொடுங்கள். சாப்பாட்டின் அளவே குறைந்துவிட்டால் மலமும் குறையும், அதை நோய் என்று நினைத்துப் பேதி மாத்திரை கொடுத்துவிடக்கூடாது.

ஒன்று முக்கியம். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஆரம்பிக்காதீர்கள். நான் ஆர்வக்கோளாறில் முதல் நாளே சுண்டல், கம்மங்கூழ், கொய்யா, கீரை என்று இறங்கினேன். அன்று ராத்திரி டிரிப்பில் என் வயிற்றில் இருந்த காற்றுக்கு இன்னொரு டிக்கெட் போட்டிருக்கலாம். முன்சீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டார். வாரத்துக்கு ஒரு மாற்றம் என்று ஏற்றினால் குடல் பழகிக்கொள்ளும்.

ஊறவைத்த பழமும் இசப்கோலும்

பெருநகரக் கடைகளில் உலர்ந்த பிளம் பழம் கிடைக்கிறது, புரூன்ஸ் என்று கேட்டால் தருவார்கள். அதில் சார்பிட்டால் என்கிற ஒரு சர்க்கரை உண்டு. அது முழுக்கச் செரிக்காமல் குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்குகிறது. நல்ல பலன் உண்டு, விலைதான் கையைக் கடிக்கும். நாங்கள் கறுப்பு உலர்திராட்சை பதினைந்து இருபதை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பழத்தையும் தண்ணீரையும் சேர்த்துச் சாப்பிடுவோம். உலர்ந்த அத்திப்பழம் இரண்டும் அப்படியே. சர்க்கரை நோயாளிகள் அளவு பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டில் நார் எட்டாத நாளுக்கு டாக்டரம்மா இசப்கோல் எழுதிக்கொடுத்தார். குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளைகிற ஒரு செடியின் விதைத் தோல் அது. தண்ணீர் பட்டதும் வழவழவென்று ஊதிக்கொள்ளும். ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கலக்கி உடனே குடித்து, பின்னாலேயே இன்னொரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். நான் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவசரத்தில் பாட்டிலில் அடியில் கிடந்த இரண்டு வாய்த் தண்ணீரில் கலக்கி வாயில் ஊற்றினேன். தொண்டையில் பசை மாதிரி நின்றுகொண்டது. மேலும் போகவில்லை, கீழும் போகவில்லை. ஒரு பயணி முதுகில் தட்டி, தண்ணீர் கொடுத்து, இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தையும் அது பிடித்துக்கொள்ளும். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும்.

விளக்கெண்ணெய், நிலாவாரை

சின்ன வயதில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விளக்கெண்ணெய். அப்பா கையைப் பிடிப்பார், அம்மா மூக்கைப் பிடிப்பார். அன்று முழுக்க ரசஞ்சோறுதான். அந்த எண்ணெய் குடலை உறுத்தி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். மாதாமாதம் குடலைக் கழுவ வேண்டும் என்பதற்கு ஒரு அவசியமும் இல்லை. கர்ப்பிணிகள் தொடவே கூடாது, கருப்பையையும் அது சுருங்க வைக்கும். பிள்ளைகளுக்கு வலுக்கட்டாயமாக ஊற்றுவதும் வேண்டாம்.

நிலாவாரை எங்கள் மண்ணுக்குச் சொந்தக்காரன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் காய்ந்த நிலத்தில் விளைகிற இந்த இலைக்கு வெளிநாட்டு மருந்துச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர். உலகத்தின் மலச்சிக்கலை எங்கள் ஊர் தீர்த்துக்கொண்டிருக்கிறது என்று பெருமை பேசுவோம். எனக்குத் தீர்த்த கதையைச் சொல்கிறேன். 2009-க்கு முந்தி ஒருநாள், நாட்டு மருந்துக் கடைச் சூரணம் இரண்டு ஸ்பூனை ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டுக்கொண்டு படுத்தேன். அது வேலை செய்ய 6 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியாது. காலை ஐந்தே காலுக்கு வண்டி எடுத்தோம். கயத்தாறு தாண்டினதும் வயிற்றைப் பிசைந்தது. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க்கில் டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்ட, நான் பணப்பையைக் கழுத்தில் மாட்டினபடியே ஓடினேன். ஐம்பது பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எப்போதாவது ஒரு நாள் எடுப்பதில் தப்பில்லை. ஆனால் தினமும் சூரணம் இல்லாமல் போகாது என்கிற நிலைக்கு வந்துவிட்டால் டாக்டரிடம் போய்ப் பேசுங்கள். பாக்கெட்டில் வருகிற சூரணங்களில் நிறையவற்றில் இந்த இலைதான் இருக்கிறது, மேலே என்ன பெயர் போட்டிருந்தாலும்.

உட்காரும் விதம்

குந்தி உட்காரும்போது குடலின் கடைசி வளைவு நிமிர்கிறது, வழி நேராகிறது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் நாற்காலி மாதிரி உட்கார்ந்தால் அந்த வளைவு பாதிதான் நிமிரும். முழங்கால் வலிக்காக வெஸ்டர்னுக்கு மாறினவர்கள் காலுக்கு அடியில் ஏழெட்டு அங்குல உயரத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் இடுப்பைவிட மேலே வர வேண்டும். முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, மூச்சை அடக்காமல் வயிற்றைத் தளர விடுங்கள்.

சாப்பாட்டால் தீராதவை

சில நேரம் குற்றம் தட்டில் இருக்காது. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், சில வலி மாத்திரைகள், கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, சில ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாம் இறுக்கும். தாமாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். தைராய்டு குறைந்தாலும் இறுகும். என் கொழுந்தியாளுக்கு இரண்டு வருடம் என்ன சாப்பிட்டும் சரியாகவில்லை, ரத்தம் பார்த்தால் தைராய்டு.

மலத்தோடு ரத்தம், கறுப்பாகத் தார் போல மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று வழக்கம் மாறுவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது — இதில் எது இருந்தாலும் கொய்யாப்பழத்தை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். வயிறு ஊதி, வலித்து, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. என்னைப் போல ஒரு மாதம் களிம்பு தடவிக்கொண்டு இருக்காதீர்கள்.

வெளியூர் போனால்

ஓய்வு பெற்றபின் வருடத்தில் மூன்று மாதம் சென்னையில் மகள் வீட்டில். ஊர் மாறினால் முதலில் முறுக்கிக்கொள்வது வயிறுதான். பையில் ஒரு டப்பா வறுத்த கடலை, ஒரு பொட்டலம் உலர்திராட்சை, ஒரு லிட்டர் பாட்டில் எப்போதும் இருக்கும். போய்ச் சேர்ந்த மறுநாளே அதே ஐந்து மணி, அதே இரண்டு தம்ளர்.

அங்கே இருப்பது வெஸ்டர்ன் மட்டும்தான். அதனால் ஆசாரியிடம் சொல்லி எட்டு அங்குலத்தில் ஒரு சின்ன முக்காலி செய்து, பஸ்ஸில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். இப்போது அதற்கு ஒரு பங்காளி. பேரனுக்கு வாஷ்பேசின் எட்டாது, அதில் ஏறி நின்றுதான் பல் தேய்க்கிறான். ஆறு மணி வரை எனக்கு, அதற்கப்புறம் அவனுக்கு என்று பேசி வைத்திருக்கிறோம்.